செம்பனைக்குப் போட்ட செம்பு

கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர், சபாக் பெர்ணாம் வட்டாரத் தோட்டங்களில் மாடு வளர்க்கும் அண்ணன்மார், தம்பிமார், அக்காமார் அனைவருக்கும், தோட்டத்தை விட்டு வெளியேறி ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் பக்கம் குடிபோன பிறகும் மாட்டை விடாமல் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் ஒரு சேதி.

கன்றுச் சாவைப் பற்றி எழுதுகிறேன். பெரிய மாடு செத்தால் லயம் முழுக்கத் தெரியும். துக்கம் விசாரிக்கக்கூட ஆள் வரும். கன்று செத்தால் செம்பனை வரிசைக்கு நடுவில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுகிறோம். யார் பட்டியில் எத்தனை போனது என்று எவரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் நின்று பேச்சுக் கொடுத்தால் எல்லாரிடமிருந்தும் ஒரே மாதிரிக் கதைதான் வருகிறது. "லோரியிலேர்ந்து இறக்கிப் பத்து நாள்கூட ஆகலைங்க. மூக்குல சளி வந்துச்சு, மூச்சு வாங்குச்சு, போயிருச்சு." "தாய்கிட்டேர்ந்து பிரிச்சுக் கட்டினோம். கழிச்சல் புடிச்சுச்சு, அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல." "ஊசி போட்ட கன்னுதாங்க, அதுக்கும் கோமாரி வந்துருச்சு."

கொன்றது கிருமிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நுரையீரலைக் கெடுக்கும் பாஸ்டுரெல்லா, மான்ஹீமியா வகைக் கிருமிகள் நல்ல கன்றின் மூக்கிலும் தொண்டையிலும்கூட எப்போதும் இருப்பவை. நேற்றுவரை சும்மா இருந்த அவை, இன்று ஏன் நெஞ்சுக்குள் இறங்கின? அலைச்சல் என்று சொல்வோம். லோரிப் பயணம், தாயைப் பிரிந்தது, முன்பின் தெரியாத மாடுகளோடு ஒரே பட்டி, நனைந்த முதுகு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில்லாத தாகம். சரிதான். ஆனால் அதே லோரியில் வந்த பத்துக் கன்றில் ஏழு தப்பிக்கின்றன, மூன்று சாகின்றன. அந்த மூன்றுக்கும் என்ன குறை என்று பார்க்கப்போனால், பல நேரம் விடை லோரி ஏறுவதற்கு மாதக்கணக்கில் முன்பே தொடங்கியிருக்கிறது. தாய் மாடு சினையாக இருந்தபோது அது என்ன தின்றது, எந்த மண்ணில் மேய்ந்தது என்ற இடத்தில் தொடங்கியிருக்கிறது.

நம் வட்டாரத்துக்காரர்களுக்கு இதை விளக்க எனக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் போடப்பட்டது நம்முடைய தென்னமரம் தோட்டத்தில்தான். அன்றிலிருந்து இன்றுவரை செம்பனையின் நோய்நொடி நம்மவர்களுக்கு அத்துபடி. காம்புட் மண்ணில், அதாவது மிதித்தால் அமுங்கி வறட்சியில் தீப்பிடிக்கும் அந்தக் கறுப்பு மண்ணில், செம்பனை நட்டால் என்ன ஆகும் என்று உரம் போடும் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். மரத்தின் நடுத்தட்டு மட்டைகள் வெளிறி மஞ்சளாகும், ஓலை நுனி காயும், குலை சிறுக்கும். அது செம்புக் குறை. 1970களிலேயே இதைக் கண்டுபிடித்து, மயில்துத்தம் (செம்பு சல்ஃபேட்) போட்டுச் சரிசெய்தார்கள். களிமண்ணோடு பிசைந்து உருண்டையாக்கி மரத்தடியில் வைக்கும் முறையும் இருந்தது. காம்புட் மண்ணில் இருக்கும் மட்கிய பொருள் செம்பை இறுகப் பிடித்துக்கொண்டு வேருக்கு விடாது. துத்தநாகத்துக்கும் அங்கே தட்டுப்பாடு வரும். கம்பெனி இதை அறிந்து மரத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறது.

அந்த மரத்தடியில் மேயும் கன்றுக்கு யார் கணக்குப் போட்டார்கள்?

செம்பு, துத்தநாகம், செலினியம், மாங்கனீசு, அயோடின், கோபால்ட் ஆகியவற்றை நுண்தாதுக்கள் என்பார்கள். தீனியில் இவற்றின் தேவை மில்லிகிராமில் சொல்லும் அளவுதான். கன்று தின்னும் காய்ந்த தீனி ஒரு கிலோவில் செம்பு 10 மில்லிகிராம், துத்தநாகம் 30, செலினியம் 0.1 இருந்தால் போதும் என்பது அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. கைக்குப் பிடிபடாத சிறு அளவு. இது இல்லாவிட்டால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

கிருமி நுரையீரலுக்குள் வந்ததும் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் ஓடிவருகின்றன. அவை கிருமியை விழுங்கி, தம் உடலுக்குள்ளேயே ஆக்சிஜனிலிருந்து கடுமையான நச்சுகளைச் சுரந்து அதைக் கொல்கின்றன. அந்த நச்சு கிருமியை மட்டும் தேடிப் பிடித்துச் சுடாது. விழுங்கிய அணுவையும் சுடும். தன்னைக் காத்துக்கொள்ள அந்த அணுவுக்கு நொதிகள் வேண்டும். அவற்றில் ஒன்றைச் செய்யச் செம்பும் துத்தநாகமும் சேர்ந்து வேண்டும், இன்னொன்றுக்கு மாங்கனீசு, வேறொன்றுக்குச் செலினியம். இவை குறைந்த கன்றிலும் வெள்ளை அணு ஓடிவரும், கிருமியை விழுங்கவும் செய்யும். ஆனால் கொல்லும் வேலை அரைகுறையாக நிற்கும். துத்தநாகம் குறைந்தால் தைமஸ் சுரப்பியே சுருங்கிப்போகும். கிருமியை நினைவில் வைத்துக்கொள்ளும் அணுக்கள் அங்கேதான் பக்குவப்படுகின்றன. தடுப்பூசி போட்டும் பலன் தெரியாமல் போவதற்கு இது ஒரு காரணம். ஊசி மருந்து சரியாக இருந்திருக்கும். அதைப் படித்துக்கொள்ள வேண்டிய உடம்பில் சரக்கு இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நோயெதிர்ப்பு விழுந்த பிறகுதான் வெளி அடையாளம் தெரியும். கன்று பார்க்க நன்றாக இருக்கும்போதே உள்ளே சரக்குத் தீர்ந்திருக்கலாம்.

அப்படியும் சில அடையாளங்கள் உண்டு. காலை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் கன்றைக் கிழக்குப் பார்த்து நிறுத்திப் பாருங்கள். கறுப்புக் கன்று செம்பட்டையாகத் தெரிகிறதா? செவலைக் கன்று வெளிறிச் சாயம் போன துணி நிறத்துக்கு வந்திருக்கிறதா? கண்ணைச் சுற்றி மயிர் வெளுத்து, மூக்குக்கண்ணாடி போட்டமாதிரி வளையம் இருக்கிறதா? அது செம்புக் குறையின் அடையாளம். மயிரை விரலால் தடவினால் மழமழப்பு இல்லாமல் சொரசொரப்பாக, முனை வளைந்து நிற்கும். துத்தநாகம் குறைந்தால் மூக்கைச் சுற்றியும் காது ஓரத்திலும் முழங்காலிலும் தோல் தடித்துச் செதில் உதிரும், சின்னக் காயம்கூட ஆறாது, குளம்பு மெத்தென்று ஆகும். பிறந்த கன்றுக்குத் தொண்டையில் கட்டி போல வீங்கியிருந்தால் அயோடின் குறை. நல்ல கன்று திடீரென விறைத்து நடந்து, பின்னங்கால் தள்ளாடி விழுந்தால் செலினியத்தை நினைக்க வேண்டும். ஆனால் உண்ணியும் குடற்புழுவும் இதில் பாதி அடையாளங்களைக் கொண்டுவரும். ஆகவே மயிர் வெளுத்துவிட்டது என்று உடனே செம்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சாணத்தைப் பரிசோதித்துப் புழு இருக்கிறதா என்று பார்த்த பிறகு பேசலாம்.

நம் மண்ணுக்கு வருகிறேன். வட சிலாங்கூரில் ஒரே மண் இல்லை. ராஜா மூசா காட்டை ஒட்டிய பக்கம் காம்புட். கடலோரம் ஜெராம், தஞ்சோங் காராங் பக்கம் களிமண். அதற்கடியில் சில இடங்களில் கந்தகம் புதைந்த மண். அதைக் கால்வாய் வெட்டித் திறந்துவிட்டால் புளிக்கும். துரு நிறத்தில், மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி மினுமினுப்போடு தண்ணீர் ஓடும் கால்வாய்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரில் இரும்பும் கந்தகமும் அதிகம். மாடு அதைக் குடித்தால், இரும்பும் கந்தகமும் வயிற்றுக்குள்ளேயே செம்பைக் கட்டிப்போட்டுவிடும். கந்தகம் செலினியத்தையும் விடாது. புல்லில் போதிய செம்பு இருந்தும் கன்றுக்குச் சேராமல் போவதற்கு இது ஒரு வழி. மழைத் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ கன்றுக்குத் தனியாகத் தொட்டியில் வைப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது இதனால்தான். உள்நாட்டுப் பக்கம், கெர்லிங், களும்பாங், பத்தாங் காலி வழியாகப் போனால் மலைச்சரிவு மண். ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை கழுவிக் கழுவி அதில் தாது அதிகம் மிச்சமில்லை.

இது நமக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. நியூசிலாந்தின் காம்புட் நிலங்களில் மாடுகள் தண்ணீராகக் கழிந்து இளைத்தன. செம்பு கொடுத்ததும் நின்றது. இங்கிலாந்தின் சோமர்செட் புல்வெளிகளில் காலங்காலமாக இருந்த அதே தொல்லைக்கு, புல்லில் மாலிப்டினம் மிகுந்திருப்பதே காரணம் என்று 1938இல் கண்டுபிடித்தார்கள். அங்கேயும் செம்புதான் மருந்து. 1930களில் ஆஸ்திரேலியக் கடலோரத்தில் நல்ல புல் நடுவில் நின்றபடியே ஆடுமாடுகள் மெலிந்து செத்தன. குறைந்தது கோபால்ட் என்பதைக் கண்டுபிடிக்கும்வரை அந்த நிலம் சபிக்கப்பட்டது என்றே நினைத்திருந்தார்கள். நம்மிலும் கன்று திடீரென்று சோர்ந்தால் கண் பட்டுவிட்டது என்று கறுப்புக் கயிறும் சோழியும் கட்டுகிறோம். கட்டுங்கள், நான் தடுக்கவில்லை. அது கன்றின் மேல் உள்ள பாசம். கயிறு கட்டும் அன்றே தாது உப்பையும் வையுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

இனி அலைச்சல் கணக்கு. 100 கிலோ எடையுள்ள கன்று சாதாரணமாக ஒரு நாளில் காய்ந்த எடையில் சுமார் இரண்டரைக் கிலோ தீனி எடுக்கும். கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்றால் 25 மில்லிகிராம் செம்பு உள்ளே போகிறது. லோரியிலிருந்து இறங்கிய முதல் வாரம் அது தீனியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஒரு கிலோ தின்றாலே பெரிது. இப்போது போவது 10 மில்லிகிராம். அதே சமயம் பயமும் களைப்பும் சேர்ந்து சுரக்கும் கார்டிசால் வெள்ளை அணுக்களைத் தளரவைக்கிறது, சிறுநீரில் துத்தநாகமும் செம்பும் கூடுதலாக வெளியேறுகின்றன. தேவை கூடும் நாளில் வரவு பாதிக்கும் கீழே விழுகிறது. இதனால்தான் அலைச்சலுக்கு ஆளான கன்றுகளுக்கு அதே அமெரிக்க ஆராய்ச்சிக் கழகம் தீனியின் அடர்த்தியைக் கூட்டச் சொல்கிறது: கிலோவுக்குச் செம்பு 10 முதல் 15, துத்தநாகம் 75 முதல் 100, மாங்கனீசு 40 முதல் 70 மில்லிகிராம். ஆனால் கணக்கைத் திரும்பப் பாருங்கள். 15 மில்லிகிராமாகக் கூட்டினாலும் ஒரு கிலோ தின்னும் கன்றுக்கு 15தான் போகிறது. மிச்சத்தை அது எங்கிருந்து எடுக்கும்? ஈரலில் சேர்த்து வைத்ததிலிருந்து எடுக்கும். சேர்த்து வைக்காத கன்று எடுக்க ஒன்றுமில்லாமல் நிற்கும்.

என்னைக் கேட்டால் இந்தப் பேச்சின் மையம் இதுதான். தாது உப்பு காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்து இல்லை. காய்ச்சல் வருவதற்குப் பல வாரம் முன்பு கொடுக்கும் தீனி. கன்றைத் தாயிடமிருந்து பிரிக்கப் போகிறீர்கள், காயடிக்கப் போகிறீர்கள், வேறு தோட்டத்துக்கு மாற்றப் போகிறீர்கள், ஹஜ்ஜுப் பெருநாள் வியாபாரத்துக்கு லோரி ஏற்றப் போகிறீர்கள் என்றால் அதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே தொடங்குங்கள். தடுப்பூசிக்கும் அப்படித்தான். கோமாரி, தொண்டை அடைப்பான் ஊசி போடக் கால்நடைத் துறை வரும் நாள் முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு முந்திய மாதத்தை வீணாக்காதீர்கள். 2021இல் தோல் கழலை நோய் இந்த நாட்டுக்குள் முதன்முறையாக வந்தபோது கொசுவையும் ஈயையும் விரட்டுவதிலேயே நம் கவனமெல்லாம் போனது. விரட்டத்தான் வேண்டும். அந்தக் கன்றுகள் உள்ளே எந்த நிலையில் இருந்தன என்று மட்டும் நாம் பார்க்கவில்லை.

அதற்கும் முன்னால் தாய் மாடு. பசும்பால் எத்தனையோ நல்லது கொண்டது, ஆனால் அதில் செம்பும் இரும்பும் மாங்கனீசும் மிகக் கொஞ்சம். இது பசுவின் குறை இல்லை. வயிற்றில் இருக்கும்போதே, கடைசி மூன்று மாதத்தில், தாய் தன் ஈரலிலிருந்து செம்பை எடுத்துக் கன்றின் ஈரலில் சேர்த்துவிடுகிறது. அறுவடைக்குப் பிறகு குதிரில் நெல் கொட்டி வைப்பது போல. பால் குடிக்கும் மாதங்களில் கன்று அதைத்தான் செலவழிக்கிறது. சினை மாட்டுக்குத் தாது இல்லாவிட்டால் கன்று காலிக் குதிரோடு பிறக்கும். பால் வற்றிய மாட்டுக்குத் தீனியைக் குறைக்கிற பழக்கம் நம்மிடம் பல கொட்டகைகளில் இருக்கிறது. கறக்காத மாட்டுக்கு எதற்கு என்ற நினைப்பு. ஏழாம் மாதத்துக்கு மேல் அந்த நினைப்பு கன்றின் உயிரோடு விளையாடுகிறது. பால் விற்று மாதக் கடைசியைச் சமாளிக்கும் வீட்டில் வற்றிய மாட்டுக்குப் பணம் ஒதுக்குவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

சீம்பாலைப் பற்றியும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். கன்று பிறக்கும்போது அதன் இரத்தத்தில் நோயை எதிர்க்கும் புரதம் ஏறக்குறைய இல்லை. எல்லாம் சீம்பாலில்தான் வருகிறது. குடல் அதை அப்படியே உள்ளே விடும் வாசல் முதல் சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கி, ஒரு நாளுக்குள் அடைந்துவிடும். 20 கிலோ கன்றுக்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் இரண்டு லிட்டராவது உள்ளே போக வேண்டும். அதுவரை ஒரு சொட்டும் அடுப்புக்கு வரக்கூடாது. அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சீம்பால் கொடுத்தனுப்புவது நம் நல்ல வழக்கம், அதை விட வேண்டாம். கன்று வயிறு நிறைந்த பிறகு கொடுத்தனுப்புவோம்.

தீனிப் பக்கம் வந்தால் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு. பி.கே.சி. என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். ஆலையிலிருந்து மலிவாகக் கிடைப்பதால் இந்த நாட்டில் அடைத்து வளர்க்கும் மாடுகளுக்கு 80 சதவிகிதம்வரை அதையே போடுகிறார்கள். இங்கே கணக்குத் தலைகீழாகிறது. அந்தப் பிண்ணாக்கில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருக்கும், சில சரக்கில் 30ஐயும் தாண்டும். தினமும் ஒரு கிலோ பி.கே.சி. தின்னும் கன்றுக்குச் செம்புக் குறை பெரும்பாலும் இருக்காது. அதற்குச் செம்பு அதிகமுள்ள உப்பை மேலும் கொடுப்பது வீண், சில நேரம் ஆபத்து. செம்பனை வரிசையில் மேய்ந்து வயிறு நிரப்பும் கன்றும், கொட்டகையில் பிண்ணாக்குத் தின்னும் கன்றும் ஒரே உப்பைத் தின்னக்கூடாது என்பதை நம்மில் பலர் அறியாமலிருக்கிறோம். பிண்ணாக்குக் கன்றுக்கு முதலில் பார்க்க வேண்டியது சுண்ணாம்புச் சத்து. பி.கே.சி.யில் பாஸ்பரஸ் கூடுதல், கால்சியம் குறைவு. தீவனத்துக்கென்று விற்கும் சுண்ணாம்புத் தூளைச் சேர்த்துச் சமன் செய்யாவிட்டால் எலும்பு வளையும், காளைக் கன்றுக்குச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும். தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களிலிருந்து வைக்கோல் கொண்டுவந்து போடுபவர்களுக்கும் ஒரு சொல். வைக்கோல் வயிற்றை நிரப்பும், அசைபோட வைக்கும். அதில் புரதமும் தாதுவும் மிகக் குறைவு. வைக்கோலோடு தாது உப்பு கட்டாயம்.

பெரிய எச்சரிக்கை ஒன்று. நம் வீடுகளில் மாட்டோடு ஆடும் இருக்கும். வெள்ளாடு ஓரளவு தாங்கும், செம்மறி தாங்காது. செம்மறியின் ஈரல் செம்பை வெளியே விடத் தெரியாமல் சேர்த்துக்கொண்டே போகும். ஒரு நாள் ஏதாவது அலைச்சல் வந்ததும் அத்தனையையும் இரத்தத்தில் கொட்டிவிடும். கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். பி.கே.சி. தின்ற செம்மறிகள் இப்படிச் செத்ததை இந்த நாட்டு ஆராய்ச்சியாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மாட்டுக்கான உப்புக்கட்டியைச் செம்மறி நக்கும் இடத்தில் தொங்கவிடாதீர்கள். இன்னொன்று, உரக்கிடங்கில் இருக்கும் மயில்துத்தத்தைக் கொண்டுவந்து கன்றுக்குக் கரைத்து ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மரத்துக்கான அளவு வேறு. அளவு கூடினால் கன்றின் குடல் வெந்துபோகும்.

உப்புக்கட்டியைத் தேர்ந்தெடுப்பதில் நிறத்தைப் பார்த்து ஏமாறுகிறோம். வெள்ளைக் கட்டி வெறும் உப்பு. சிவப்புக் கட்டியில் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறோம். பல கட்டிகளில் அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடின் நிறம். இரும்பு ஏற்கெனவே நம் மண்ணிலும் தண்ணீரிலும் பிண்ணாக்கிலும் மிதமிஞ்சி இருக்கிறது. பையைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள், அல்லது பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். கூப்ரம் (செம்பு), சிங்க் (துத்தநாகம்), செலினியம், கோபால்ட், அயோடின் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே அளவு இருக்க வேண்டும். செலினியம் இல்லாத கட்டிகள் நிறைய. செம்பு, ஆக்சைடு தூளாகச் சேர்க்கப்பட்டிருந்தால் உடம்பில் அதிகம் ஏறாது. சல்ஃபேட் என்று போட்டிருப்பது நல்லது.

கட்டியை வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். கொட்டகையில் ஒரு மாலை நின்று பாருங்கள். கொம்பு பெருத்த கிழட்டுப் பசு கட்டியின் முன்னே நின்றுகொண்டு நகராது. இளங்கன்று தூரத்தில் நின்று பார்க்கும். கிட்டே வந்தால் ஒரு முட்டு. வாரம் போனால் கட்டி பாதியாகியிருக்கும், நமக்கும் நிம்மதியாக இருக்கும், கன்றின் நாக்கு அதைத் தொட்டே இருக்காது. கன்றுகளுக்கென்று பெரிய மாடு நுழைய முடியாதபடி குறுக்குக் கட்டை அடித்து ஓரிடம் ஒதுக்கி, அவற்றின் உயரத்தில் வையுங்கள். மழை படும் இடத்தில் தொங்கவிட்டால் சத்தெல்லாம் தரையில் கரையும். என் அனுபவத்தில், தூளாக விற்கும் தாது உப்பை அளந்து பிண்ணாக்கிலோ தவிட்டிலோ கலந்து கொடுப்பதுதான் நம்பகமானது. யார் எவ்வளவு தின்றார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். பையில் போட்ட அளவைத் தாண்ட வேண்டாம். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அந்தந்த வட்டாரப் புல்லையும் மண்ணையும் சோதித்து, அந்த வட்டாரத்தில் எது குறைகிறதோ அதற்கேற்ற தாது உப்புக் கலவையைச் செய்து விவசாயிகளுக்கு விற்கிறது. பெஸ்தாரி ஜெயாவுக்கென்று, ஜெராமுக்கென்று அப்படி ஒன்று நமக்கு ஏன் இல்லை?

ஊசியாகப் போடும் தாதுக் கலவையும் உண்டு. தீனி எடுக்காத கன்றுக்குச் செம்பும் துத்தநாகமும் செலினியமும் நேரே உள்ளே போவது நல்ல வழிதான். தடுப்பூசியோடு சேர்த்துப் போட்டபோது எதிர்ப்புச் சக்தி கூடியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஏற்கெனவே குறை இல்லாத கன்றில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. செலினியத்திலும் செம்பிலும் தேவைக்கும் நஞ்சுக்கும் இடையில் தூரம் அதிகமில்லை. ஆகவே அதைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துப் போடட்டும். கடையில் வாங்கி நாமே குத்த வேண்டாம்.

வெளியிலிருந்து கன்று வாங்கினால் முதல் நாளே காயடிப்பதும், பிண்ணாக்கை அள்ளிக் கொட்டுவதும் வேண்டாம். நல்ல தண்ணீர், பசும்புல், நனையாத தரை, இரண்டு மூன்று வாரம் தனிப்பட்டி. பட்டியில் புல் வெட்டிப் போடும்போது மலாய்க்காரர்கள் இஸ்ரேல் புல் என்று சொல்லும் அந்தச் செடியைத் தாராளமாகச் சேருங்கள். தோட்டத்தில் களை என்று மருந்தடிக்கிறார்கள். கன்று அதை ஆசையாகத் தின்னும், புரதமும் அதிகம். மருந்தடிக்காத வரிசையிலிருந்து வெட்டுங்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, நாம் சேர்ந்து செய்யக்கூடிய ஒன்று. கன்றின் உடம்பில் செம்பு எவ்வளவு இருக்கிறது என்பதை இரத்தம் சரியாகச் சொல்லாது. காய்ச்சல் வந்தால் இரத்தத்தில் செம்பு ஏறிவிடும். குறை உள்ள கன்றும் நல்ல கன்றாகத் தெரியும். உண்மையைச் சொல்வது ஈரல். ஹஜ்ஜுப் பெருநாளில் நம் தோட்டங்களில் வளர்ந்த எத்தனையோ மாடுகள் அறுபடுகின்றன. ஒவ்வொரு தோட்டத்துப் பக்கமிருந்தும் ஐந்தாறு மாட்டின் ஈரலில் தீப்பெட்டி அளவு ஒரு துண்டைப் பனிக்கட்டியில் வைத்து, எந்தப் பட்டி, என்ன தீனி, எந்தக் கால்வாய்த் தண்ணீர் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். ஈப்போவில் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது, செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பீடம் இருக்கிறது. தனியாக ஒருவர் போய்க் கேட்டால் காத்திருக்கச் சொல்வார்கள். நாற்பது குடும்பம் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் போய் நின்றால் பேச்சு வேறு. மாட்டை வெளியேற்று என்று தோட்ட நிர்வாகம் அறிக்கை ஒட்டும்போது ஒன்றுகூடுகிறோமே, அந்த ஒற்றுமையை இதற்கும் கொண்டுவர முடியும். மேய்ச்சல் நிலம் சுருங்கிக்கொண்டே வருகிறது. பனைக்கு ஆறேழு வயதானதும் ஓலை கூடி வெயில் இறங்காமல் அடியில் புல் அருகிவிடுகிறது. வயதான தோட்டங்களில் மீந்த புல்லுக்குத்தான் இப்போது எல்லா மாடும். இந்த நெருக்கடியில் பிறக்கும் ஒவ்வொரு கன்றையும் காப்பாற்றினால்தான் பட்டி நிற்கும்.

கடிதத்துக்கான வாசகத்தை எழுதி வைத்திருக்கிறேன். தோட்டத்துக்கு ஒருவர் பெயர் கொடுங்கள், நானே வந்து கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். அதற்குள் உங்கள் பட்டியில் ஏழாம் மாதம் கடந்த சினை மாடுகள் எவை என்று குறித்து வைத்து, தாது உப்பை அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்களோடு மாடு வளர்க்கும் ஒருவன்